உடையாத கையும் பதினேழாவது பிரிவும்

மீன்சுருட்டி அருகே,
கார்த்திகை 12, வெள்ளி.

பெரம்பலூரில் ஏசி போட்ட சலூன் வைத்துப் பேரோடும் புகழோடும் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் கலையரசன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பச்சையம்மாளின் புருஷன் அய்யம்பெருமாள் பணிவுடன் எழுதிக்கொள்வது. அங்கே தாங்களும், அக்கா அமிர்தவல்லியும், கடையும், கடையிலுள்ள மூன்று சுழல் நாற்காலிகளும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன், தயவுசெய்து நம்ப வேண்டாம்.

முதலில் ஒரு வேண்டுகோள். இதைக் கடையில் உட்கார்ந்து படிக்காதீர்கள். சலூனில் காத்திருக்கிறவனுக்கு எத்தனை காது என்று தொழில்காரர் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வாய்க்குள்ளேயே படித்து, படித்ததும் கிழித்து, வெட்டிய முடியோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். போனில் பேசினால் பதிவாகிவிடுகிறது என்கிறார்கள், அதனால்தான் கடிதம். அரைப் பக்கம் எழுதிய பிறகு, கைப்பட எழுதினால் அது போனைவிடப் பெரிய சாட்சியாச்சே என்று உங்கள் தங்கை சொல்கிறாள். இதை முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே என்றால், நீங்கள் கேட்கவில்லையே என்கிறாள். போகட்டும். விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மச்சான், என் வலது கை உடையவில்லை.

கை உடைந்த சேதி இதற்குள் பெரம்பலூர் வரைக்கும் வந்திருக்கும். நீங்களும் பதறியிருப்பீர்கள். நிஜத்தில் இந்தக் கடிதத்தையே அந்தக் கையால்தான் எழுதுகிறேன். பொய்க்கட்டாக வைத்திருக்கும் மூங்கில் பத்தைக்கு வெளியே இரண்டு விரலும் கட்டைவிரலும் நீட்டிக்கொண்டிருக்கின்றன, அது போதும். வாசலில் நிழல் ஆடினால் பேனா இடது கைக்கு மாறிவிடும். அங்கங்கே எழுத்து கோழி கிளறியது போல் இருந்தால், அந்த நேரம் யாரோ வந்துவிட்டார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

நம் கடையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அப்பா காலத்திலிருந்தே கீழத்தெரு ஆட்கள் இங்கே முடி வெட்டிக்கொள்ள வருவதில்லை. வரக்கூடாது என்று நான் போர்டு மாட்டியதில்லை, சத்தியமாக வாயால் சொன்னதும் இல்லை. அவர்கள் பஸ் ஏறி மீன்சுருட்டிக்குப் போய் வெட்டிக்கொண்டு, திரும்பி வந்து நம் கடை வாசல் ஸ்டாப்பிங்கில்தான் இறங்குவார்கள். அந்த நேரம் பார்த்து நான் உள்ளே திரும்பிச் சீப்பைக் கழுவுவேன். முப்பது வருஷமாக இப்படியே கழுவி ஒரு சீப்புக்குப் பல்லே போய்விட்டது. மேலத்தெரு விசேஷங்களில் நமக்கும் இலை தனியாகத்தான் விழுகிறது என்பது வேறு கதை. அதைப் பற்றி நாம் என்றைக்கும் பேசிக்கொண்டதில்லை, இப்போதும் பேச வேண்டாம்.

போன மாதம் கீழத்தெரு ராசாங்கத்தின் மகன் அறிவரசன் கடைக்கு வந்தான். முப்பது வயசு, ஜெயங்கொண்டத்தில் இ-சேவை மையத்தில் வேலை, குரலை உயர்த்திப் பேச மாட்டான். குரல் உயராதவனைக் கண்டாலே எனக்குப் பயம். அப்பாவுக்குக் கால் முறிந்து உள்ளே கம்பி வைத்திருக்கிறது, பஸ் ஏற முடியவில்லை, முடி காதை மூடிக் கிடக்கிறது, வண்டியில் உட்கார வைத்துக் கூட்டி வருகிறேன், வெட்டி விடுங்கண்ணே என்று கேட்டான். நான் கரண்ட் இல்லை என்றேன். அவன் அண்ணாந்து பார்த்தான், ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து வந்தான், கத்தி சாணைக்குப் போயிருக்கிறது என்றேன், கத்தி என் கையில் இருந்தது. மூன்றாம் முறை வந்தபோது வாய் உளறி, இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, கடை லீவு என்று சொல்லிவிட்டேன். அன்று சனிக்கிழமை, கடைக்குள் நான்கு பேர் இருந்தார்கள். அவன் சண்டை போடவில்லை, சரிங்கண்ணே என்று போனான். போனவன் நேராக அடுத்த திங்கட்கிழமை அரியலூருக்குப் போய், குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனுக் கொடுத்துவிட்டான்.

ஒரு வாரத்தில் தாலுகா ஆபீசிலிருந்து புவனேஸ்வரி என்ற ஆபீசர் அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார்கள். சவரம் பாதியில் இருந்தவர் சோப்பு நுரையோடு பின்பக்கமாக ஓடிவிட்டார். நம் பரம்பரையில் கடைக்குள் வந்த முதல் பொம்பளை ஆபீசர் என்பதால் எங்கே உட்காரச் சொல்வது என்று தெரியாமல் சுழல் நாற்காலியையே காட்டினேன். அவர்களும் உட்கார்ந்து, எதிர்க் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே விசாரித்தார்கள். அரசியல் சட்டத்தின் பதினேழாவது பிரிவு, தீண்டாமை குற்றம் என்றார்கள். ஆனாலும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அம்மா, அரசியல் சட்டம் அரசாங்கத்துக்குத்தானே, இது அரசாங்கக் கடை இல்லையே, ரெண்டு நாற்காலி போட்ட என் சொந்தக் கடையாச்சே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர்கள் கோபப்படாமல் விளக்க ஆரம்பித்தார்கள். சட்டத்தில் அடிப்படை உரிமைகள் என்று ஒரு பகுதியாம், அதில் இருக்கிற உரிமைகளில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கையைக் கட்டி வைக்கத்தானாம். இன்னாரிடம் பாகுபாடு காட்டாதே, விசாரிக்காமல் உள்ளே போடாதே என்று மத்திய அரசு, மாநில அரசு, பஞ்சாயத்து எல்லாவற்றுக்கும் போட்ட கடிவாளமாம். ஆனால் சில பிரிவுகள் மட்டும் அரசாங்கத்தோடு நிற்காமல் நேராக நம் வாசற்படி ஏறி உள்ளே வந்துவிடுமாம். பதினேழு அப்படியாம். பதினைந்திலும் ஒரு பாதி அப்படியாம்.

"அதுல கடைன்னே எழுதியிருக்குங்க. கடை, ஓட்டல், கிணறு, குளம், ரோடு. ஜாதியச் சொல்லி யாரும் யாரையும் அங்கேயிருந்து தடுக்க முடியாது," என்றார்கள்.

கடை என்றே எழுதியிருக்கிறதாம் மச்சான்! டில்லியில் உட்கார்ந்து, நான் பிறப்பதற்கு முன்னாலேயே, என் கடையை எழுதி வைத்திருக்கிறார்கள். யார் போட்டுக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அம்மா போகும்போது அந்தப் பிரிவுகளை அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதைக் கடையில் ஒட்டினால் மேலத்தெரு பார்க்கும், கிழித்தால் கிழித்ததற்கு ஒரு பிரிவு இருக்குமோ என்று பயம். அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறேன். தினமும் சோற்றுக்கு அரிசி அள்ளும்போது உங்கள் தங்கை அதைத் தொட்டுக் கும்பிடுகிறாள்.

அன்று சாயங்காலமே அன்பழகன் ஐயா வந்துவிட்டார். கடையும் அவர் கட்டடம், கடைக்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கிற வீடும் அவர் மனை. அவர் மிரட்டவில்லை, மிரட்டியிருந்தால்கூடத் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து, மீசையைக் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லி, ஒதுக்கி முடித்த பிறகு சொன்னார்.

"யாருக்கு வேணா வெட்டுப்பா, நான் என்ன சொல்லப் போறேன். ஆனா அந்தக் கத்தரி எங்க தலையில படக்கூடாது. ரெண்டுக்கும் ஒத்துவரலைன்னா சாவிய வூட்ல கொடுத்துட்டுப் போ."

போகிறபோது, அவர் மகன் பாலாஜிக்கு கார்த்திகை 19, வெள்ளி முகூர்த்தம், மாப்பிள்ளைச் சவரத்துக்கு முதல் கத்தி ஊர்க் கடைக்காரன்தான் வைக்க வேண்டும், மறந்துவிடாதே என்றும் சொல்லிவிட்டுப் போனார். வெட்டினால் சாவி போகும், வெட்டாவிட்டால் ஜெயில் வரும். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள்தான் அந்த யோசனை வந்தது. யாரோ ஒருத்தருக்கு வெட்டி ஒருத்தருக்கு வெட்டாவிட்டால்தானே பாகுபாடு? ஒருத்தருக்குமே வெட்டாவிட்டால்? மேலத்தெரு, கீழத்தெரு, ஆபீசர், கலெக்டர் எல்லாரும் என் முன்னால் சமம் ஆகிவிடுவார்களே! இதைவிடச் சமத்துவம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். தட்டுவதற்கு அப்போது வலது கை சும்மா இருந்தது. ராத்திரிக்குள் உங்கள் தங்கை மூங்கில் பத்தை வைத்து, பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, பார்க்க நாட்டு வைத்தியர் கட்டு மாதிரியே இருக்கட்டும் என்று முட்டையின் வெள்ளைக்கருவையும் பூசிவிட்டாள். இரண்டாம் நாளிலிருந்து அது நாறுகிறது. எறும்பு வேறு வருகிறது. கையில் எறும்பு கடித்தால் சொறிய முடியாது, ஏனென்றால் உடைந்த கையை யாரும் சொறிய மாட்டார்கள்.

கை எப்படி உடைந்தது என்று ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டேன். டீக்கடையில் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றேன். ரேஷன் கடையில் பாத்ரூமில் வழுக்கியது என்றேன். அதே சமயம் உங்கள் தங்கை குழாயடியில் மாடு முட்டிவிட்டது என்று சொல்லியிருக்கிறாள், எங்களுக்கு மாடே கிடையாது. ஊர் சும்மா இருக்குமா? இவன் எதையோ மறைக்கிறான், யாரோ அடித்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டது. கீழத்தெருக்காரனுக்கு வெட்டிவிடுவான் என்று மேலத்தெருப் பையன்கள் உடைத்துவிட்டதாகக் கீழத்தெருவில் பேச்சு. வெட்ட மாட்டேன் என்றதற்குக் கீழத்தெருக்காரர்கள் உடைத்துவிட்டதாக மேலத்தெருவில் பேச்சு. இரண்டு பக்கமும் எனக்காக நியாயம் கேட்கப் புறப்பட்டுவிட்டார்கள் மச்சான். ஐம்பத்திரண்டு வயசில் முதல் தடவையாக எனக்காக ஊரே திரண்டது, அதுவும் உடையாத கைக்கு. புதன்கிழமை பஸ் ஸ்டாப்பிங்கில் கல் வந்து விழுந்தது. நல்லவேளையாக யார் மண்டையும் உடையவில்லை. என் கடைக் கண்ணாடி மட்டும் மூலையில் விரிசல் விட்டுவிட்டது.

கல் விழுந்தால் போலீஸ் வராமல் இருக்குமா? ஒரு ஏட்டு வந்தார். யார் உடைத்தது, பேரைச் சொல் என்றார். நான் யாரும் இல்லை என்றேன். பயந்து மறைக்கிறான் என்று அவரே முடிவு செய்து, மேலத்தெருவில் மூன்று பேர், கீழத்தெருவில் மூன்று பேர் என்று சரிசமமாக எழுதிக்கொண்டார். மேலத்தெருப் பட்டியலில் முதல் பேர் பாலாஜி. கல்யாண மாப்பிள்ளை! கீழத்தெருப் பட்டியலில் முதல் பேர் அறிவரசன். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, கையெழுத்துப் போட முடியாதென்றால் இடது கைப் பெருவிரலை உருட்டு, மேட்டரை நான் எழுதிக்கொள்கிறேன் என்றார். ஊர் அடங்குகிற வரைக்கும் கடையைப் பூட்டிச் சாவியை ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு போவதாகவும் சொன்னார். நான் பெருவிரலை நீட்டிவிட்டேன். நமக்கு நீட்டித்தானே பழக்கம்.

அப்போது யார் குறுக்கே வந்தது தெரியுமா? அறிவரசன். பஸ்ஸை விட்டு இறங்கினவன், பையைத் தோளில் மாட்டியபடியே வந்து என் ஷட்டருக்கு முன்னால் நின்றான். அதே உயராத குரல்.

"எழுதாத பேப்பர்ல ரேகை வாங்கக் கூடாதுங்க சார். ஒருத்தரோட பொழப்பப் பூட்டணும்னா எழுத்துல உத்தரவு வேணும், அவரக் கூப்புட்டு விசாரிக்கணும். அரசாங்கமே ஆனாலும் அப்படித்தாங்க."

ஏட்டு, நீதானப்பா இந்தாள் மேல மனுக் கொடுத்தவன், உனக்கு இவன் யாரு என்று கேட்டார். மனு மனுதாங்க சார், அவரு கடை அவரு கடைதாங்க என்றான் அவன். சுற்றி ஐம்பது பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்ததால் ஏட்டு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்து, காயச் சான்று வாங்கி, ஆறு பேர் மேலேயும் கேஸ் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்து, எக்ஸ்ரே என்ற வார்த்தையைக் கேட்டு மறுபடி போய்விட்டது.

இங்கே எழுத்து கோணியிருக்கும். பால்காரர் வந்துவிட்டுப் போனார்.

நேற்று அறிவரசன் வீட்டுக்கே வந்தான். அரை டஜன் சாத்துக்குடி கொண்டு வந்திருந்தான். உங்கள் தங்கை உட்காரச் சொல்லவா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன், அவன் நின்றபடியே பேசினான். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறானாம். ஏன் என்று கேட்டேன். தன் தலைமுடிக்காக ஒருத்தர் கை உடைந்துபோய்விட்டது என்று அவன் அப்பா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். தொழில்காரன் கை போனால் குடும்பமே போச்சு, எனக்கு முடி வெட்டாவிட்டால் என்ன கொள்ளை போகிறது, போய் மனுவை வாங்கிக்கொண்டு வாடா என்று அழுகிறாராம். அவன் போன பிறகு எனக்கு ஒரு நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பயம்தான் இன்னும் பெரிதாக வந்தது. இந்த ஊரில் எல்லாருக்கும் பயப்பட எனக்குத் தெரியும் மச்சான், ஆனால் எனக்காகப் பட்டினி கிடக்கிற ஒருத்தருக்கு எப்படிப் பயப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சாத்துக்குடியை இன்னும் உரிக்கவில்லை.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். வியாழக்கிழமை எக்ஸ்ரே எடுத்தால் கை நன்றாக இருப்பது தெரிந்து, பொய் சொன்னதற்கு என்னை உள்ளே போடுவார்கள். கை உடைந்திருந்தால் குற்றம் செய்யாத ஆறு பேரை உள்ளே போடுவார்கள். நிஜமாகவே உடைத்துக்கொண்டால் என்ன என்றுகூட நேற்று அம்மிக் குழவியை எடுத்துவைத்துப் பார்த்தேன். உங்கள் தங்கையைப் போடச் சொன்னேன். அவள் ஓங்கினாள். அவள் ஓங்கிய வேகத்தைப் பார்த்து, இருபத்தெட்டு வருஷத்துக் கணக்கும் அதில் இருக்கும் போலத் தெரிந்ததால் கையை இழுத்துக்கொண்டேன்.

ஆகவே மச்சான், நான் ஊரைவிட்டு வந்துவிடுவது என்று தீர்மானம் செய்துவிட்டேன். வரும் புதன்கிழமைக்குள் ஒரு சின்ன வேன் அனுப்பிவையுங்கள். பகலில் வந்தால் ஊர் பார்க்கும், இருட்டில் வந்தால் ஓடுகிறான் என்பார்கள், மத்தியானம் சீரியல் ஓடுகிற நேரம் வந்தால் தெருவில் ஒரு ஈ காக்காய் இருக்காது. சாமான் அதிகமில்லை. உங்கள் கடையில் ஒரு நாற்காலி கொடுத்தால் போதும், அதுவும் முடியாவிட்டால் முடி கூட்டிப் பெருக்குகிறேன். பெரம்பலூர் பெரிய ஊர். யார் எந்தத் தெரு என்று தலையைப் பார்த்துத் தெரியாதாமே. அந்த ஒன்றுதான் எனக்கு வேண்டும். மறுக்காதீர்கள். மறுத்தால் உங்கள் தங்கை மறுபடி குழவியை எடுப்பாள்.

அக்காவுக்கு எங்கள் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். உங்கள் கத்தி மழுங்காமலும் கை நடுங்காமலும் கடை நிறைந்தும் இருக்கக் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
பயத்துடன்,
அய்யம்பெருமாள்.

பின்குறிப்பு: வேன் அனுப்ப வேண்டாம்.

கடிதத்தை மடித்து ஒட்டப்போன நேரத்தில் கடை வாசலில் பைக் நின்றது. அறிவரசன் அவன் அப்பாவை இறக்கிவிட்டான். ராசாங்கம் கை விசாரிக்க வந்திருக்கிறார். இரண்டு கட்டைகளை ஊன்றி, கம்பி வைத்த காலை இழுத்துக்கொண்டு, கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே வரவில்லை. நான் வெளியே போனேன். என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, முறிவுக்குப் போடுகிற எண்ணெய், எனக்குக் கேட்டது, உனக்கும் கேட்கும் என்று ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். கட்டு ரொம்ப இறுக்கமாகக் கிடக்கிறதே, ரத்தம் ஓட வேண்டாமா என்று முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். வேண்டாங்க, வேண்டாங்க என்றேன். வலிக்காமல் அவிழ்க்கிறேன் என்றார். ஒவ்வொரு சுற்றாக அவ்வளவு மெதுவாக அவிழ்த்தார் மச்சான், வாத்தியாரிடம் அடி வாங்கக் காத்திருந்தபோதுகூட நான் அப்படி நடுங்கியதில்லை. எதிர் டீக்கடையில் இருபது பேர், நடுவில் அன்பழகன் ஐயா. மூங்கில் பத்தை கீழே விழுந்தது. என் கை, முழுக் கை, எறும்புக் கடியைத் தவிர ஒரு குறையும் இல்லாமல் அவர் மடியில் கிடந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பிப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். எண்ணெய் பாட்டிலை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

வெட்கத்தில் செத்தேன். எழுந்து உள்ளே போய், விரிசல் விட்ட கண்ணாடியைத் துடைத்து, நாற்காலியைத் தட்டி, துணியை உதறி விரித்தேன். துணியைப் பிடித்தபடி நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அறிவரசன் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தான். எழுபது வயசுத் தலை, அந்த நாற்காலியில் முதல் தடவை. என் கத்தரி தவறிக் காதோரம் ஒரு சின்னக் கீறல் விழுந்துவிட்டது. அதற்கு அவர்தான், நான் ஆடிட்டேன் தம்பி, மன்னிச்சுக்க என்றார்.

அன்பழகன் ஐயா எழுந்து போய்விட்டார். நாளைக் காலையில் வீட்டுக்கு வரும்படி ஆள் அனுப்பியிருக்கிறார். சாவியைக் கொண்டு வரச் சொன்னாரா என்று ஆளைக் கேட்டேன், தெரியாது என்கிறான். கட்டடக்காரரும் முறையாக நோட்டீஸ் கொடுக்காமல் வெளியேற்ற முடியாது, எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள், நானும் வருகிறேன் என்கிறான் அறிவரசன். மனுவை இனிமேல் திரும்ப வாங்கத் தேவையில்லையாம். அப்பாவுக்கு முடி வெட்டியாயிற்று என்றே தாலுகா ஆபீசுக்குப் பதில் எழுதிவிடலாம் என்கிறான். ஏட்டுக்கு நான் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து துணியை எடுத்ததும் ராசாங்கம் கண்ணாடியில் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைகளை ஊன்றி எழுந்து, வாசல் வரை போய்த் திரும்பினார்.

"அடுத்த மாசமும் வரலாமா தம்பி?"

நான் உதறிய துணியையே மறுபடி உதறினேன். உள்ளேயிருந்து பச்சையம்மாள்தான், வாங்க, கண்டிப்பா வாங்க என்றாள். வேன் வேண்டாம் மச்சான். முடிந்தால் நீங்கள் மட்டும் பஸ் ஏறி ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். ரொம்பப் பயமாக இருக்கிறது.